ஒரு தாச்சியில் இறாலும் உள்ளியும்

சென்ற மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை, மோர்னிங்சைட்டில் நாம் கற்பிக்கும் வகுப்பில், "நேற்றிரவு நான் உண்ட உணவு" என்னும் தலைப்பில் ஐந்து வாக்கியங்கள் எழுதுமாறு மாணவர்களைக் கேட்டோம். இறந்தகால வினைமுற்றுக்களைப் பயிற்றுவதே எமது நோக்கமாக இருந்தது. புட்டும் சம்பலும் என எழுதியோர் சிலர். பீற்சா என எழுதியோர் பலர். ஒரு மாணவன் மட்டும் இரண்டே வாக்கியங்களோடு கொப்பியை மூடி வைத்திருந்தான். "அம்மா அப்பா வேலை. நான் சீரியல் சாப்பிட்டேன்." முதல் வாக்கியத்தில் பயனிலை இல்லை எனச் சிவப்பு மையாற் குறித்து, "வேலைக்குச் சென்றிருந்தனர்" என்று திருத்தி எழுதினோம். எழுதிய பின்னர் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். வாக்கியம் திருந்திவிட்டது. இராச்சாப்பாடு திருந்தவில்லை.

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு விழாக் குழுவினர் கேட்டபோது, தமிழின் தொன்மை பற்றியோ திருக்குறளின் பெருமை பற்றியோ எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். முன்னைய மலர்களில் அவற்றை எழுதியுள்ளோம். இம்முறை இறாலைப் பற்றி எழுதுகின்றோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுடைய ஒரு பிள்ளை, பெற்றோரின் அனுமதியோடு, அரை மணி நேரத்தில், ஒரே தாச்சியில், நான்கு பேருக்குச் சுடச்சுட ஆக்கக்கூடிய இறால் உள்ளிப் பாஸ்தாவே எமது பொருள். அம்மாணவனும் இதனை வாசிப்பான் என நம்புகின்றோம். ஆகையால் அளவுகளை எல்லாம் இலக்கத்திலேயே தருகின்றோம்.

"பாஸ்தா எங்கள் உணவா, மாஸ்டர்?" என்று பெற்றோர் சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆயினும் அதனைக் கேட்கும்போது அவர்கள் குசினியில், மேசையருகே, கதிரையில் அமர்ந்து, பாணைத் தொட்டு உண்டுகொண்டே கேட்கின்றனர். குசினி, மேசை, கதிரை, பாண் ஆகிய நான்கு சொற்களும் போர்த்துக்கேயரிடமிருந்து எமக்கு வந்தவை. யாழ்ப்பாணம் அவர்கள் கையில் வீழ்ந்தது 1619 ஆம் ஆண்டில். ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தியது 1658 இல். நாற்பது ஆண்டுக்குள் விட்டுச்சென்ற சொற்களை நானூறு ஆண்டுகளாக எமது அம்மாமார் தமிழாகவே வழங்கி வருகின்றனர். பாஸ்தா என்பது இன்னும் ஒரு விருந்தினர், அவ்வளவே.

அவ்விருந்தினரின் வயதும் குறைந்ததன்று. மார்க்கோ போலோ சீனாவிலிருந்து அதனை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை உலவுகின்றது. மாணவர்கள் அதனை நம்ப வேண்டியதில்லை. அவர் ஊர் திரும்பியது 1295 இல். அதற்கு மிக முன்னரே, 1154 இல், சிசிலித் தீவின் அரசனுக்காக அல் இத்ரிசி என்னும் புவியியலறிஞர் முடித்த நூலில், அத்தீவின் திராபியா என்னும் ஊரில் நூல் போன்ற மாவுணவு செய்து கப்பலேற்றி அனுப்பினர் என்ற செய்தி காணப்படுகின்றது. எமது இடியப்பத்தையும் அதனையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு வேறுபாடு விளங்கும். இடியப்பத்தைக் கொதிநீரில் இட்டால் கரைந்து கூழாகிவிடும். எனவே ஆவியில் அவிக்கின்றோம். பாஸ்தா ஒருவகைக் கடுங்கோதுமை ரவையிலிருந்து செய்யப்படுவது. அக்கோதுமையிலுள்ள புரதம் வலைபோல் பின்னி மாப்பொருளைப் பிடித்துக்கொள்வதால், கொதிநீரிலும் அது உருக்குலையாது நிற்கின்றது. எனினும் சிறிதளவு மாப்பொருள் நீரிற் கசியவே செய்யும். அக்கசிவுதான் ஒரு தாச்சிச் சமையலின் இரகசியம். அதற்குப் பின்னர் வருவோம்.

ஒரே பாத்திரத்தில் கடலுணவையும் மாவையும் சேர்த்து ஆக்குவது எமக்குப் புதியதா? யாழ்ப்பாணத்து ஒடியற்கூழை நினைத்துப் பாருங்கள். இந்நாட்டிற் பிறந்த மாணவர்களுக்குச் சொல்கின்றோம்: பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் உலர்த்தினால் அது ஒடியல், அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியலை மாவாக்கி, நீரில் ஊறவைத்து, அதன் கசப்பு நீரை வடித்துவிட்டு, நண்டும் இறாலும் மீனும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் கொதிக்கின்ற பானையிற் கரைத்து ஊற்றுவர். செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேரும். மாவு சேர்ந்தவுடன் நீர் தடித்துக் கூழாகும். பலாவிலையைக் கோலிக் குடிப்பர். பானை ஒன்று, அடுப்பு ஒன்று, சுற்றியிருப்போர் பத்துப் பேர். இறாலின் சுவையைத் தாங்கி நிற்பது அந்த மாவு தடித்த நீர்தான். தாச்சியில் நாம் செய்யப்போவதும் அதுவே. ஒடியல் மாவுக்குப் பதிலாகக் கோதுமை மா.

இனி எமது வீட்டுக் கதையைச் சிறிது சொல்ல வேண்டியுள்ளது. நாம் முல்லைத்தீவு மாவட்டத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர்கள். அங்கே நந்திக்கடல் என்றொரு கடனீரேரி உண்டு. இறாலுக்குப் பெயர்போன நீர் அது. இறால் கடலிலே முட்டையிடும். அதன் குஞ்சுகள் கரையோர ஏரிகளுக்குள் நுழைந்து, ஆழமற்ற உவர் நீரில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குச் செல்லும். இந்த வாழ்க்கை வட்டத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதிலும், மாணவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வது எமக்கு எளிதாக இருந்தது. இடுப்பளவு நீரில் வீச்சுவலையோடு நிற்போரின் பிள்ளைகளே எமது மாணவர்கள். எம்மைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். 2009 மே மாதத்தில் அந்த ஏரியின் கரையில் நடந்தவற்றைப் பெரியவர்கள் அறிவர். அவற்றை இங்கே எழுத நாம் முற்படவில்லை. அதன் பின்னர் எமது வீட்டில் இறால் வாங்குவதில்லை என்பதை மட்டும் சொல்லி அப்பாற் செல்கின்றோம்.

2012 இல் இந்நாட்டிற்கு வந்தோம். மோர்னிங்சைட் வீதிக்கு அண்மையில் ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் குடியிருந்தோம். நாம் பிற்பகல் மூன்று மணிக்குத் தொழிற்சாலைக்குச் சென்று நள்ளிரவில் திரும்புவோம். துணைவியார் மாலையில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தார். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, ஆறிய சோற்றைச் சூடாக்கி உண்பாள். அல்லது உண்ணாமலே உறங்கிவிடுவாள். 2016 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, இயந்திரம் பழுதானதால் எம்மை வேளைக்கே அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்தால் வீடு முழுவதும் புகை. புகை எச்சரிக்கை மணி அலறுகின்றது. பன்னிரண்டு வயது மகள் துவாயால் விசிறிக்கொண்டு நிற்கின்றாள். தாச்சியில் உள்ளி கரியாகிக் கிடந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில், சுடுநீரில், ஒரு பொதி இறால்.

பள்ளித் தோழியின் வீட்டில், அவளுடைய இத்தாலியப் பேத்தியார் ஆக்கிய உணவை உண்டு வந்தவள், சேர்த்து வைத்த காசில் இறால் வாங்கியிருக்கின்றாள். நாங்கள் இறால் வாங்காதது விலை காரணமாக என்று எண்ணியிருந்தாளாம். ஏச்சு விழும் என்று எம் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். நாம் அடுப்பை அணைத்து, யன்னலைத் திறந்துவிட்டு, "உள்ளியைக் கொட்டிப்போட்டு முதலில இருந்து துவங்குவம், பிள்ளை" என்றோம். இறாலைப் பற்றி எமக்குத் தெரியும். பாஸ்தாவைப் பற்றி அவளுக்குத் தெரியும். இடையில் நாம் அகப்பையால் மசிக்கப் போனபோது, "அப்பா, சோறு மாதிரிக் குழைய விடக்கூடாது, கொஞ்சம் கடிபடவேணும்" என்று கையைப் பிடித்துத் தடுத்தாள். அலுவலகங்களில் எமக்காக அவள் ஆங்கிலம் பேசும்போது எமக்கு ஏற்பட்ட கூச்சம், அன்று அடுப்படியில் ஏற்படவில்லை. ஏழு ஆண்டுகளுக்குப் பின்னர் இறால் உண்டோம். உண்ணும்போது நந்திக்கடலைப் பற்றிக் கேட்டாள். சொல்லக்கூடியவற்றைச் சொன்னோம். துணைவியார் வேலையால் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம், முழுவதும் தமிழில்.

அன்று செய்த பிழைகளும் பின்னர் கற்றவையும் சேர்ந்ததே இனி வருவது.

முதலில் கடைக்குச் செல்வோம். ரொறன்ரோவின் ஏரி நன்னீர் ஏரி; கடலோ பல நூறு மைல்களுக்கு அப்பால். ஆகையால் இங்கே கிடைக்கும் இறால் பெரும்பாலும் உறைய வைத்துக் கொண்டுவரப்படுவது. எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பொதியில் அச்சிட்டிருப்பர்: எக்குவடோர், இந்தியா, வியட்நாம் என்றெல்லாம் காணலாம். இந்தியாவிலிருந்து வருவதிற் பெரும்பங்கு ஆந்திரக் கரையோரக் குளங்களில் வளர்க்கப்படுவது. அவ்வகை இறாலின் பூர்வீகமோ அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரை. அதுவும் எம்மைப்போல் இடம்பெயர்ந்ததுதான். நியூபவுண்லாந்துக் குளிர்கடலில் பிடிக்கும் சிறிய இளஞ்சிவப்பு இறாலும் உண்டு. அது பெரும்பாலும் அவித்தே விற்கப்படுவதால் இவ்வுணவுக்கு ஏற்றதன்று. சாம்பல் நிறமான பச்சை இறாலையே வாங்குக.

பொதியில் 31/40 என்பது போன்ற எண்கள் இருக்கும். ஓர் இறாத்தலுக்கு, அதாவது 454 கிராமுக்கு, முப்பத்தொன்று முதல் நாற்பது இறால் வரை நிற்கும் என்பது பொருள். எண் சிறிதாக இறால் பெரிதாகும், விலையும் பெரிதாகும். 31/40 நமக்குப் போதும். உட்பொருட் பட்டியலையும் வாசியுங்கள். இறாலும் உப்பும் மட்டும் இருப்பது நன்று. பொஸ்பேற்று என்று எழுதியிருந்தால், நீரைப் பிடித்து வைப்பதற்காக அதனைச் சேர்த்திருக்கின்றனர். தாச்சியிற் போட்டவுடன் அந்நீர் வெளியேறி இறால் வதங்காமல் அவியும். நீருக்கும் இறால் விலையைக் கொடுத்தவர்கள் ஆவோம்.

நான்கு பேருக்கு வேண்டியவை இவை: இறால் ஓர் இறாத்தல், ஸ்பகெற்றி அல்லது அதுபோன்ற நீண்ட பாஸ்தா 300 கிராம், தாச்சிக்கு அடங்கும்படி இரண்டாக முறித்தது, உள்ளி பத்துப் பல், ஒலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, பட்டர் 1 மேசைக்கரண்டி, செத்தல் மிளகாய் மூன்று, உப்பு 1 தேக்கரண்டி, தேசிக்காய் ஒன்று, கொத்தமல்லித் தழை ஒரு பிடி, கொதிநீர் 1 லீற்றர். விளிம்பு உயர்ந்த அகன்ற தாச்சி வேண்டும். ஒடுங்கிய சருவத்தில் பாஸ்தா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இறாலை முதல்நாள் இரவே உறைகுளிர்ப் பெட்டியிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. மறந்துபோனால், பைக்குள் இட்டுக் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் அமிழ்த்துக. சுடுநீர் கூடாது, வெளிப்புறம் அவிந்து உட்புறம் பனிக்கட்டியாகவே இருக்கும். ஓடு நீக்கி, முதுகைக் கீறி, கருநூல் போன்ற குடலை எடுத்துவிடுக. பின்னர் கடதாசித் துவாயால் ஈரத்தை நன்கு ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருக்கும்வரை தாச்சியின் சூடு அந்நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். ஓட்டோடு வாங்கியவர்கள் ஓட்டையும் தலையையும் எறிய வேண்டாம். அவற்றைப் பத்து நிமிடம் நீரிற் கொதிக்கவிட்டு வடித்து, அந்நீரையே கொதிநீராகப் பயன்படுத்துங்கள். எமது அம்மாமார் இறால் தலையை வீணாக்கியதை நாம் கண்டதில்லை.

உள்ளியைத் தட்டி, நறுக்கி, ஐந்து நிமிடமாவது ஒருபுறம் வையுங்கள். முழுப்பல்லுக்கு வாசனை குறைவு என்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளியை வெட்டும்போது அதன் கலங்கள் உடைந்து, வேறு வேறு இடங்களில் இருந்த ஒரு பொருளும் ஒரு நொதியமும் சந்திக்கின்றன. அப்போதுதான் அல்லிசின் என்னும் காரமான பொருள் உருவாகின்றது. வெட்டியவுடன் சூட்டில் இட்டால் நொதியம் அழிந்துவிடும்.

தாச்சியை நன்கு சூடாக்கி, பாதி எண்ணெய் விட்டு, உப்பில் ஒரு சிட்டிகை தூவிய இறாலை ஒரே அடுக்காகப் பரப்புக. ஒரு பக்கம் ஒரு நிமிடம். மறுபக்கமும் ஒரு நிமிடம். சாம்பல் நிறம் செந்நிறமாவதைப் பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பர். அச்செந்நிறம் புதிதாகத் தோன்றுவதன்று. அஸ்டாக்சாந்தின் என்னும் நிறப்பொருள் முன்னரே அங்கே உண்டு. ஒரு புரதம் அதனைப் பற்றி மறைத்து வைத்திருக்கின்றது. சூட்டில் அப்புரதம் குலைய, நிறம் விடுபட்டு வெளிப்படுகின்றது. நண்டுக்கும் இதுவே காரணம். இறால் பிறைபோல் வளைந்தால் பதம். வளையமாகச் சுருண்டால் றப்பர் ஆகிவிட்டது என்று பொருள். சங்கப் புலவர்கள் இதனை இறவு என்றும் இறா என்றும் பாடினர். அதன் வளைந்த உடலை அவர்களும் கவனித்தனர். முழுமையாக வேகுமுன்னரே எடுத்துக் கோப்பையொன்றில் வையுங்கள். மீதி பின்னர் வேகும்.

இனித்தான் எமது மகள் பிழைவிட்ட இடம். அடுப்பைக் குறைத்து, தாச்சி ஒரு நிமிடம் ஆறிய பின், மீதி எண்ணெயும் உள்ளியும் இடித்த செத்தல் மிளகாயும் இடுக. உள்ளி வெளிறிய பொன்னிறத்துக்கு வந்தவுடன் பாஸ்தாவையும் கொதிநீரையும் மீதி உப்பையும் சேர்த்துவிட வேண்டும். பொன்னிறத்துக்கும் கருநிறத்துக்கும் இடையே அரை நிமிடமே உண்டு. கருகிய உள்ளியின் கசப்பை எதனாலும் மறைக்க முடியாது. தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும்.

வழக்கமான முறையில் நிறைய நீரில் பாஸ்தாவை அவித்து நீரை வடித்துவிடுவர். இங்கே வடிப்பதில்லை; உப்பும் அந்நீரோடு போவதில்லை; ஆகவே உப்பு குறைவாகவே இருக்க வேண்டும். நடுத்தரச் சூட்டில் கொதிக்கவிட்டு, பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் வரை அடிக்கடி கிளறுக. முதல் மூன்று நிமிடம் கிளறாமல் விட்டால் கட்டியாகிவிடும். நீர் வற்ற வற்ற முன்னர் சொன்ன மாப்பொருள் அதிலே செறியும்; அது எண்ணெயையும் நீரையும் பிரியவிடாது பிடித்து, பால்போன்ற குழம்பாக்கும். பாஸ்தா இன்னும் விறைப்பாக இருக்க நீர் வற்றிவிட்டால், அரைக் கோப்பை கொதிநீர் சேர்க்கலாம்.

அடியில் மூன்று மேசைக்கரண்டி அளவு குழம்பு எஞ்சியிருக்கும்போது, இறாலையும் கோப்பையில் ஊறிய நீரையும் பட்டரையும் சேர்த்து இரண்டு நிமிடம் கிளறுக. அந்நீர் பச்சை இறாலின் நீர். அதுவும் நன்கு கொதிக்க வேண்டும். இறாலின் தடித்த பகுதியை வெட்டிப் பார்த்தால் கண்ணாடித் தன்மை நீங்கி வெண்மையாக இருத்தல் வேண்டும். வெப்பமானி வைத்திருப்போர், உட்புறம் 74 பாகை செல்சியஸ் எனக் கனடாச் சுகாதாரத் திணைக்களம் கூறுவதைப் பின்பற்றலாம். அடுப்பை அணைத்த பின்னரே தேசிக்காய்ப் புளி விடுக. தழையைத் தூவுக.

இத்தாலியர் கடலுணவுப் பாஸ்தாவில் பாற்கட்டி இடுவதில்லை என்பர். எமது மகள் இடுவாள். துணைவியார் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் அரைத் தேக்கரண்டியை உள்ளியோடு சேர்ப்பார். தோழியின் பேத்தியார் அறிந்தால் வருந்துவார், ஆயினும் சுவை நன்றாகவே இருக்கின்றது. மரக்கறி உண்போரும் விரத நாட்களிலும் இறாலுக்குப் பதிலாகக் காளானை ஈரம் வற்றும்வரை வதக்கிச் சேர்க்கலாம்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. இறால் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும், கோதுமையும் அவ்வாறே. தோழர்களை விருந்துக்கு அழைக்கும் பிள்ளை முதலிற் கேட்டறியப் பழக வேண்டும். முதல் மூன்று முறையும் நீங்கள் அருகில் நில்லுங்கள். கத்தியும் கொதிக்கும் கேத்தலும் விளையாட்டுப் பொருட்கள் அல்ல. ஆனால் அகப்பையைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள். நிற்கும் நேரத்தில் உள்ளி, இறால், தேசிக்காய், அகப்பை, தாச்சி என்று பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு தவணை முழுவதும் நாம் வகுப்பில் எழுதிப்போட்டும் மனத்தில் நில்லாத சொற்கள், சூடான தாச்சியருகே ஒரே மாலையில் நின்றுவிடுவதைக் கண்டிருக்கின்றோம்.

வேலையால் பிந்தி வருபவருக்கு ஒரு பங்கை மூடி வைப்பதானால், பாஸ்தா குழம்பை உறிஞ்சி இறுகிவிடும் என்பதை நினைவிற் கொள்க. இரண்டு மேசைக்கரண்டி நீர் தெளித்து, மெல்லிய சூட்டில் மூடிச் சூடாக்கினால் மீண்டும் இளகும். இறாலை மட்டும் வேறாக எடுத்து வைத்து, கடைசி ஒரு நிமிடத்திற் சேர்த்துச் சூடேற்றுக. இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து, வருபவருக்கு ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிவிடுங்கள். பயனிலையோடு எழுதினால் எமக்கும் மகிழ்ச்சி.

தாச்சியை உண்டு முடித்த கையோடு வெந்நீரில் ஊறவைத்துவிட வேண்டும். மாப்பசை காய்ந்தால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. எமது வீட்டில் அது எம்முடைய வேலை.